கணிக்கும் நாயும் காக்கும் நாயும்

வலிப்பு உள்ளவர்களுக்குத் துணையிருக்கும் நாய்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரே கேள்விதான்: வலிப்பு வரப்போவது நாய்க்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியும் என்று பத்திரிகைகள் வியந்து எழுதுகின்றன. ஆதாரம் எங்கே என்று நரம்பியல் மருத்துவர்கள் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக நடக்கும் இந்த வாதத்தில் இரு தரப்பும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. இந்த நாய்களின் வரலாறு முன்னறிவிப்பில் தொடங்கவில்லை, ஆய்வுக்கூடத்திலும் தொடங்கவில்லை. வலிப்பு உள்ளவர் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்காமல் ஊரோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து அது கிளைத்தது. அந்தக் கோரிக்கைக்கு நாய் கைகொடுத்தது பெரும்பாலும் வலிப்பு வந்த பிறகு அது செய்யும் வேலையால். வருமுன் சொல்லும் வித்தை பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெருமை. நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும். விளங்கினால், இன்று நடக்கும் வாதத்தில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

துணை ஏன் தேவைப்பட்டது என்று அறியக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வலிப்பு உள்ளவர்களுக்கென்றே தனிக் குடியிருப்புகள் எழுந்தன. ஜெர்மனியில் பீலஃபெல்ட் நகருக்கு அருகே 1867இல் தொடங்கிய பெத்தேல் இவற்றுக்கு முன்மாதிரி. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் சால்ஃபாண்ட் குடியிருப்பு 1894இலும், செஷயரில் டேவிட் லூயிஸ் குடியிருப்பு 1904இலும் வந்தன. நியூயார்க் மாநிலத்தின் கிரெய்க் குடியிருப்பு 1896இல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கியது. தோட்ட வேலை, திறந்த வெளி, நேரத்துக்குச் சாப்பாடு, எந்நேரமும் மேலே ஒரு கண்: இதுதான் ஏற்பாடு. பள்ளியும் தொழிற்சாலையும் துரத்திவிட்டவர்களுக்கு அது புகலிடமாக இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் புகலிடம் சிறையாக மாற நெடுநாள் ஆகவில்லை. வலிப்பைப் பரம்பரைக் கறையாகப் பார்த்த இனமேம்பாட்டு வாதம் அதிகார மையங்களைப் பிடித்தது. கட்டாயக் கருத்தடை செல்லும் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு, வலிப்பு உள்ளவர்களுக்கும் மனவளர்ச்சி குன்றியவர்களுக்குமாக வர்ஜீனியா மாநிலம் நடத்திய குடியிருப்பு ஒன்றிலிருந்துதான் கிளம்பியது. 1933இல் நாஜி அரசு கொண்டுவந்த கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரை வலிப்பும் இருந்தது. வலிப்பு உள்ளவர்களின் திருமணத்தைத் தடுத்த சட்டம் பிரிட்டனில் 1970 வரை நீடித்தது. நாமும் இதில் ஒன்றும் முந்திக்கொள்ளவில்லை; இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து வலிப்பு பற்றிய தடை நீக்கப்பட்டது 1999இல்தான்.

குடியிருப்புகளின் கதவைத் திறந்துவிட்டதில் மருந்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1857இல் புரோமைடு, 1912இல் ஃபீனோபார்பிட்டால், 1938இல் ஃபெனிட்டாயின் என்று வரிசையாக வந்த மருந்துகள் பலரையும் சாதாரண வாழ்க்கைக்குத் திருப்பின. ஆனால் இன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எந்த மருந்தும் வலிப்பை முழுதாக அடக்குவதில்லை. இவர்களும் வீடு திரும்பினார்கள். திரும்பியபோது, குடியிருப்பில் இருந்த அந்தக் 'கண்' மட்டும் கூட வரவில்லை. அந்த வேலை தாய் தலையிலோ மனைவி தலையிலோ விழுந்தது. உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்புகூடப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். ஆபத்து அதைச் சுற்றி இருப்பவற்றில் இருக்கிறது: அடுப்பு, குளியல் தொட்டி, மாடிப்படி, சாலை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவ உதவி வேண்டும். தூக்கத்தில், யாரும் பார்க்காத வேளையில், குப்புறக் கிடந்த நிலையில் திடீரென்று நேரும் சாவுகளும் உண்டு. ஆக, மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவருக்கு வேண்டியது பக்கத்தில் ஓர் ஆள். இருபத்துநாலு மணி நேரமும் ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் அதுவே மறுபடி ஒரு குடியிருப்பாகிவிடும் என்பதுதான் சிக்கல்.

இந்த இடத்தில்தான் நாய் வருகிறது. அது வந்த பாதையைப் போட்டவர்கள் பார்வையற்றவர்கள். முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. அதைப் பின்பற்றி அமெரிக்காவில் 1929இல் சீயிங் ஐ நிறுவனம் எழுந்தது. இங்கிலாந்தில் 1931இல் முதல் வழிகாட்டி நாய்கள் பழக்கப்பட்டன. அடுத்த நாற்பது ஆண்டுகள் உதவி நாய் என்றால் பார்வையற்றவரின் நாய் என்றே உலகம் அறிந்திருந்தது. 1970களில் அது மாறியது. உடற்குறை உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமை கேட்டு 1972இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சுயவாழ்வு மையத்தை நிறுவினார்கள். அதே மாநிலத்தில் 1975இல் போனி பெர்கின் தொடங்கிய அமைப்பு, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காகப் பொருளெடுத்துத் தரவும் கதவு திறக்கவும் நாய்களைப் பழக்கியது. 1981இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெண்கள் சிறை ஒன்றில் கைதிகளே நாய் பழக்கும் திட்டம் வந்தது; அங்கே பழகிய நாய்களில் வலிப்பு உள்ளவர்களுக்குப் போனவையும் உண்டு. இந்த வரிசையில் எந்த இடத்திலும் வருமுன் அறியும் திறனை யாரும் நாயிடம் எதிர்பார்க்கவில்லை. தன்னால் ஒரு வேலை முடியாத நேரத்தில் தனக்காக அதைச் செய்ய ஒரு துணை என்பதே எதிர்பார்ப்பு.

அந்த வேலை எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. பயிற்சியாளர் முதலில் நாயின் மூக்கு எட்டும் உயரத்தில் அகலமான ஒரு பொத்தானைச் சுவரில் பொருத்துகிறார். தற்செயலாக மூக்கு அதில் பட்டால் தின்பண்டம். பிறகு அழுத்தினால்தான் தின்பண்டம். பிறகு சொன்ன சொல்லுக்கு அழுத்தினால். அதன் பின் பயிற்சியாளர் தரையில் விழுந்து கை கால் உதறி நடிக்கிறார். நாய் பயந்து ஒதுங்காமல் பொத்தானிடம் ஓட வேண்டும். ஓடி அழுத்திவிட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் படுக்க வேண்டும். படுத்தபின் அந்த ஆள் நினைவு தெளிந்து பேசும் வரை எழக் கூடாது. சில நாய்கள் குரைத்து அடுத்த அறையில் இருப்பவரை அழைக்கப் பழகுகின்றன. சில கைப்பேசியைக் கவ்விக்கொண்டு வருகின்றன. குட்டியிலிருந்து கணக்கிட்டால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைப்பு. இதில் அதிசயம் ஏதும் இல்லை. ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்க்கலாம், சோதிக்கலாம், தவறினால் திருத்தலாம். இந்தத் தொழிலின் அடித்தளம் இதுதான்.

முன்னறிவிப்புச் செய்தி வீடுகளிலிருந்து வந்தது. வலிப்பு வருவதற்கு முன்பே நாய் முனகுகிறது, முகத்தையே உற்றுப் பார்க்கிறது, உட்காரச் சொல்வதுபோல் மேலே சாய்கிறது என்று உரிமையாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஆண்ட்ரூ எட்னி இவற்றைத் திரட்டி 1993இல் கால்நடை மருத்துவ இதழில் வெளியிட்டார். ஷெஃபீல்டில் இயங்கும் சப்போர்ட் டாக்ஸ் அமைப்பின் பயிற்சியாளர் வேல் ஸ்ட்ராங், நரம்பு மனநல மருத்துவர் ஸ்டீஃபன் பிரவுனுடன் சேர்ந்து ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு வலிப்புக்குப் பின்னும் நாய்க்குப் பரிசு கொடுத்தால், பரிசை எதிர்நோக்கும் நாய் வலிப்புக்கு முந்தைய அறிகுறிகளைத் தேட ஆரம்பிக்கும் என்பது அவர்களது முறை. ஆறு நாய்களை வைத்து 1999இல் வெளியான அவர்களது கட்டுரை, 15 முதல் 45 நிமிடம் முன்னதாகவே நாய்கள் சைகை காட்டியதாகச் சொன்னது. 2002இல் பத்துப் பேரைப் பற்றி வந்த அடுத்த கட்டுரை, நாய் வந்தபின் வலிப்புகளின் எண்ணிக்கை சராசரியாக 43 சதவீதம் குறைந்ததாகக் கூறியது. உலகம் முழுவதும் செய்தி பரவியது. அதன் பிறகு 'வலிப்பு நாய்' என்றாலே கணிக்கும் நாய் என்று ஆகிவிட்டது.

மருத்துவர்கள் சந்தேகப்பட்டதில் தவறில்லை. நம் ஊரில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள்; இரண்டு நிமிடத்தில் வலிப்பு நிற்கும்; இரும்புதான் நிறுத்தியது என்று ஊரே சாட்சி சொல்லும். தானாக நிற்கப்போவதை நிறுத்தியதாக எண்ணும் இதே மயக்கம் நாய் விஷயத்திலும் நேரலாம். நாய் ஒரு நாளில் எத்தனையோ முறை முனகும், உற்றுப் பார்க்கும். அடுத்து வலிப்பு வந்த முனகல் நினைவில் நிற்கும். வராத முனகல் மறந்துபோகும். எனவே கேட்டு எழுதிய கணக்கைவிடப் பார்த்து எழுதிய கணக்கு வேண்டும். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வில் வலிப்பு உள்ள 29 நாய் உரிமையாளர்களில் 9 பேர் தங்கள் நாய் வலிப்பின்போது ஏதாவது செய்கிறது என்றார்கள். முன்கூட்டிச் சொல்கிறது என்றவர்கள் அவர்களில் 3 பேர்தான். உரிமையாளர் வாய்மொழியிலேயே காக்கும் நாய்கள் அதிகம், கணிக்கும் நாய்கள் குறைவு. 2005இல், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் வீடியோவும் சேர்ந்து ஓடும் மருத்துவமனைப் பிரிவில் இரண்டு நோயாளிகளை அவர்களது நாய்களோடு வைத்துக் கவனித்தபோது, நாய்களின் முன்னறிவிப்பு நம்பப்பட்ட அளவுக்குத் தேறவில்லை. ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது மூளை மின்கோளாறால் வரும் வலிப்பே அல்ல என்றும் தெரிந்தது. 2007இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களும் இதுபோன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: நாய் முன்னறிவித்ததாகச் சொல்லப்பட்டவை உளக் காரணங்களால் வரும், வலிப்பைப் போன்ற நிலைகள்.

இந்தக் கட்டுரைகளோடு நாய்க் கதை முடிந்துவிட்டது என்று சிலர் கணக்கை மூடினார்கள். அது அவசரம். உளக் காரணத்தால் விழுபவரும் விழத்தான் செய்கிறார், அவருக்கும் அடிபடும், அது நடிப்பும் அல்ல. தவிர, அந்த ஆய்வுகள் குலைத்தது கணிப்பு என்ற ஒரு கூற்றை மட்டுமே. விழுந்தவருக்குப் பக்கத்தில் படுப்பதும் பொத்தானை அழுத்துவதும் எந்த இ.இ.ஜி.யாலும் பொய்யாக்கப்படவில்லை. கணிப்பை முன்னிறுத்தி இந்தத் தொழிலுக்குப் பேர் தேடியவர்கள் செய்த கேடு இங்கேதான் தெரிகிறது: உறுதியாக நிற்கக்கூடிய வேலையை, உறுதியாகாத ஒன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒன்று ஆடினால் மற்றதும் ஆடுகிறது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. அண்மைக் கால ஆய்வுகள் நாயின் மூக்குக்குச் சாதகமாக வந்திருக்கின்றன என்பார்கள். உண்மைதான். பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமெலி கட்டாலா குழுவினர் 2019இல் வெளியிட்ட சோதனையில், வலிப்பு வந்த வேளையிலும் சும்மா இருந்த வேளையிலும் உடற்பயிற்சி செய்த வேளையிலும் நோயாளிகளின் மூச்சையும் வியர்வையையும் சேகரித்து உலோகக் குவளைகளில் வைத்தார்கள். ஏழு குவளைகளில் ஒன்றில் மட்டும் வலிப்பு மாதிரி. பழக்கிய ஐந்து நாய்களில் மூன்று ஒருமுறைகூடத் தவறாமல் அதைக் கண்டுபிடித்தன; மற்ற இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு சரியாகச் சொன்னன. ஒவ்வொரு நோயாளியின் உடல் மணமும் வேறாக இருந்தும் வலிப்புக்கென்று பொதுவான ஒரு மணம் இருக்கிறது என்பதை இது காட்டியது. 2021இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார், வலிப்பையே பார்த்திராத 19 வளர்ப்பு நாய்களை வைத்துச் சோதித்தபோது அவையும் வலிப்பு சார்ந்த மணத்துக்கு வேறுமாதிரி நடந்துகொண்டன. ஆனால் ரென் மாதிரிகள் வலிப்பையொட்டி எடுக்கப்பட்டவை. அரை மணி முன்பு எடுத்தவை அல்ல. அமைதியான கூடத்தில் மணத்தை அடையாளம் காண்பது வேறு. பேருந்து நெரிசலில், சமையல் புகையில், வலிப்பு வருமுன்பே கண்டு, ஒவ்வொரு தடவையும் சொல்வது வேறு. முதலாவது நிறுவப்பட்டிருக்கிறது. இரண்டாவது சில நாய்களுக்குச் சில வேளைகளில் இயலலாம் என்பதற்குமேல் சொல்ல இடமில்லை. ஓர் ஆளின் உயிரை அதன்மேல் வைக்க அது போதாது. 'நாய் ஒன்றும் சொல்லவில்லையே' என்று நம்பி ஒருவர் தனியாகக் குளத்தில் இறங்கினால், சொல்லாத அந்த ஒரு தடவை போதும்.

வேறொரு எதிர்வாதம் கருவிகளின் பக்கமிருந்து வருகிறது: மணிக்கட்டில் கட்டும் கருவி உடல் வெட்டுவதை உணர்ந்து செய்தி அனுப்பும்போது, இரண்டு ஆண்டு பழக்கி, தீனி போட்டு, ஒரு நாயை வைத்திருப்பானேன்? வருமுன் அறிவதிலும் கருவிகள் சும்மா இல்லை. மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பதித்து வலிப்பை முன்னறியலாம் என்று மெல்பர்ன் மருத்துவர்கள் 15 பேரை வைத்து 2013இல் காட்டினார்கள். எச்சரிக்கை ஒன்றே நாயின் வேலையாக இருந்தால் இந்த வாதத்துக்குப் பதில் இல்லை. கருவி நாளுக்கு நாள் தேறும், நாய் தேறாது. நாயின் வேலை பக்கத்தில் இருப்பது என்று கொண்டால் பதில் இருக்கிறது. நெதர்லாந்தில் 25 பேரைச் சேர்த்து நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், உதவி நாயோடு இருந்த காலத்தில் வலிப்புகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. யாரிடம் நாய் இருக்கிறது என்பதை மறைத்து வைக்க முடியாத ஆய்வு இது. நல்ல எதிர்பார்ப்பே எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம் என்ற ஐயத்தை முழுதாக நீக்க முடியாது. எப்படிக் குறைந்தது என்பதும் தெளிவாகவில்லை. ஆனால் பதற்றமும் தூக்கக்கேடும் பலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பது பழைய மருத்துவ அறிவு. எப்போது விழுவோமோ என்ற பயம் தணிந்தவருக்கு வலிப்பு குறைவது நம்பக்கூடியதே. அந்தத் தணிவைத் தருவது கணிப்பாக இருக்க வேண்டியதில்லை.

நாயின் பக்கமிருந்தும் ஒரு வாதம் கேட்க வேண்டும். பழக்காத நாய் வலிப்பைக் கண்டு மிரளலாம், ஓடலாம், கடிக்கவும் செய்யலாம். ஸ்ட்ராங்கும் பிரவுனுமே 2000இல் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார்கள். எந்த நாயும் வீட்டில் இருந்தால் தானாகவே காவல் தெய்வமாகிவிடும் என்ற நம்பிக்கை ஆளுக்கும் கேடு, நாய்க்கும் கேடு. இயல்பாகவே எல்லா நாயும் கணிக்கும் என்று பரப்பும் கதைகள், பழக்கும் உழைப்பின் மதிப்பைக் கெடுக்கின்றன.

நம் பக்கத்திலிருந்து எழும் வாதம் இன்னும் கூர்மையானது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரையே போய்ச் சேராத ஊரில் நாயைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் இல்லையா? ஆடம்பரம்தான்; மாத்திரைக்கே முதலிடம். ஆனால் இந்த வரலாற்றிலிருந்து செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று இருக்கிறது. பழக்கிய நாய் செய்வதில் பெரும்பகுதியைப் பக்கத்து வீட்டுக்காரரும் வகுப்பு நண்பரும் பேருந்து நடத்துநரும் செய்யலாம்: விலகி ஓடாமல் இருப்பது, வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, நேரத்தைப் பார்ப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைப்பது, தெளியும்வரை கூட இருப்பது.

எதை வைத்து இந்த நாயை மதிப்பது என்ற கேள்வியில் சட்டம் மருத்துவ விவாதத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. 1990இன் அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்தின் கீழ் 2010இல் திருத்தி எழுதப்பட்ட விதிகள், உதவி நாய் செய்யும் வேலைகளை எடுத்துக்காட்டாக அடுக்கும்போது, வலிப்பின்போது ஒருவருக்கு உதவுவதை அதில் சேர்த்தன. கடை வாசலிலோ உணவகத்திலோ அந்த நாயைப் பார்க்கும் ஊழியர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: ஊனத்தின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலைக்கு இது பழக்கப்பட்டிருக்கிறது? சான்றிதழ் கேட்கவோ செய்து காட்டச் சொல்லவோ முடியாது. பொய் சொல்லி வெறும் வளர்ப்பு நாயை அழைத்து வருபவர்களும் இதனால் நுழைந்துவிடுகிறார்கள் என்ற குறை நியாயமானது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. அது பழக்கிய வேலையைக் கேட்கிறது. ஆய்வாளர்கள் மூக்கின் எல்லையை அவர்கள் போக்கில் தேடட்டும். பயன் வந்தால் நல்லது. அதுவரை பயிற்சி மையங்களும் நன்கொடையாளர்களும் பத்திரிகைகளும் விற்க வேண்டிய சரக்கு கணிப்பு அல்ல. வலிப்பு உள்ளவர் தனியாக வெளியே போய்த் திரும்ப வழி செய்ததே இந்த நாய்களின் சாதனை. அதை நிறுவ அவர் போய் வருவதே போதும்.